கூடுதல் கிலோமீட்டர்

என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். இந்தோசீனாவில் ஓட்டினார், அல்ஜீரியாவில் ஓட்டினார், அங்கெல்லாம் சாகாமல் பென்ஷனோடு காரைக்காலுக்குத் திரும்பி வந்தார். லாரியை அவர் லாரி என்று சொல்லமாட்டார், ‘கமியோன்’ என்பார். அதன் மீட்டரைக் ‘கொம்த்தேர்’ என்பார். திட்டும்போது மட்டும் சுத்தமான தமிழ் வரும்.

எழுபதுகளின் பிற்பாதியில் நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனேன். மாமனார், என் கணவர், நான், மூன்றே பேர். மாமியார் உயிரோடு இருந்தார், அந்த வீட்டில் இல்லை. ஒருநாள் குழம்பில் உப்பு கூடிப்போயிற்று என்று மாமனார் அவரைக் காதோடு சேர்த்து அறைந்திருக்கிறார். காதில் ரத்தம் வந்தது. நாளாக நாளாக இரண்டு காதும் கேட்காமல் போயிற்று. ஒரு மூட்டைத் துணியை எடுத்துக்கொண்டு சுரக்குடியில் இருந்த தம்பி வீட்டுக்கு நடந்தே போய்விட்டாராம். இதைக்கூட எனக்குப் பக்கத்து வீட்டில்தான் சொன்னார்கள். மாமனார் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம், அதுவும் தாலி ஏறிய அன்றே.

“அவ வாசல மிதிச்ச காலு என் வாசல மிதிக்கப்படாது. தெரிஞ்சு வச்சுக்க.”

பென்ஷன் பணத்தில் அவர் ஒரு பழைய லாரி வாங்கினார். எத்தனையோ கை மாறி வந்த வண்டி. காரைக்கால்மேட்டில் விடியற்காலை ஏலம் முடிந்ததும் மீனை ஐஸ் போட்டுப் பெட்டிகளில் அடுக்கி ஏற்றிக்கொண்டு, திருநள்ளாறு, அம்பகரத்தூர் வழியாகக் கும்பகோணம் கமிஷன் கடைக்குப் போக வேண்டும். ஓட்டுவது என் கணவர். கிளீனர் வைத்துக்கொள்ள விடவில்லை. “ரெண்டு பேரு இருந்தா சேந்து திருடுவீங்க” என்றார்.

மதியம் லாரி திரும்பி வந்து வாசலில் நின்றதும் மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியில் ஏறி மீட்டரைப் பார்ப்பார். காலையில் பார்த்த எண் மனதில் இருக்கும். கழித்துப் பார்த்துவிட்டு இறங்குவார். கும்பகோணம் போய்வர எவ்வளவு தூரம் என்பது ஊருக்கே தெரியும். மீட்டரில் அதைவிட இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் அதிகம் இருக்கும். தினமும் இருக்கும்.

முதலில் கணவரிடம் கேட்டார். “மீட்டர்ல கோளாறுப்பா” என்றார் இவர். மாமனார் சிரித்தார். மிஷின் பொய் சொல்லாது, மனுஷன்தான் சொல்லுவான் என்றார். பிறகு கேட்பதை விட்டுவிட்டு முடிவு செய்துகொண்டார்.

ஒருநாள் கணவர் சாப்பிட உட்கார்ந்து முதல் கவளத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். மாமனார் வெளியிலிருந்து வந்து தட்டை அப்படியே எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். கோழிகளுக்கு நடுவே அதைக் கவிழ்த்துவிட்டு வெறும் தட்டோடு திரும்பி வந்தார்.

“அங்கயே தின்னுருப்பான். ரெண்டு எடத்துல தின்னா வவுறு கெட்டுரும்.”

எனக்குப் புரியவில்லை. நான் விழிப்பதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம்.

“உம் புருஷன் கும்பகோணத்துல ஒருத்திய வச்சிருக்கான். நான் சொல்லல. கொம்த்தேர் சொல்லுது. தெனமும் இருவது கிலோமீட்டரு எங்க போறான், சாமி கும்புடவா?” கொஞ்சம் நிறுத்தி, என் வயிற்றைப் பார்த்தார். “அவனையும் குத்தம் சொல்ல முடியாது. மூணு வருஷமாச்சு, இங்க ஒண்ணும் வெளையலியே.”

கணவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். மாமனார் பேசியதைவிட இவர் பேசாமல் போனது எனக்கு அதிகம் வலித்தது.

அதன்பின் அது ஒரு வழக்கமாகிவிட்டது. டீக்கடையில் சொன்னார், சவரம் செய்யும் இடத்தில் சொன்னார், மீன் வாங்க வருகிற பெண்களிடம் சொன்னார். அவர்கள் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். கும்பகோணத்துக்காரி கறுப்பா சிவப்பா என்று ஒருத்தி என்னிடமே கேட்டாள். நான் கணவரின் சட்டையை மோந்து பார்த்தேன். மீன் வாடையைத் தவிர ஒன்றும் இல்லை. அந்த வாடையில் எது கலந்தால்தான் தெரியும்?

இன்னொரு கொடுமையும் அதே மீட்டரால்தான். வண்டி பழசு, முள் நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது என்பது மாமனாரின் உத்தரவு. கணவர் தாண்டமாட்டார். ஆனால் வண்டி போய்ச் சேர நேரமாகும். ஐஸ் கரைந்து மீன் குழைந்து, கமிஷன் கடைக்காரர் வாயில் வந்ததெல்லாம் பேசுவார். அதைக் கேட்டுக்கொண்டு இங்கே வந்தால், “நாப்பத்தஞ்சுல போனவன் ஏன்டா லேட்டு? வழியில எவ வூட்டுல எறங்குன?” மெதுவாகப் போனாலும் திட்டு, வேகமாகப் போனாலும் திட்டு. அப்படி ஒரு முள்.

ஒருநாள் என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்தது. என் பிறந்த வீடு கும்பகோணத்துக்குப் பக்கம். பஸ்ஸில் போகிறேன் என்றேன். “கமியோன்லயே போ. அந்த வூட்டையும் காட்டச் சொல்லு” என்றார் மாமனார்.

அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக அந்த லாரியில் ஏறினேன். பேச ஒன்றும் இல்லாததால் சாலையோரத்துக் கற்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கல்லில் கும்பகோணம் இத்தனை கிலோமீட்டர் என்று கறுப்பு எழுத்தில் இருக்கும். ஒரு கல் தாண்டியதும் மீட்டரைப் பார்த்தேன். பிறகு வேண்டுமென்றே பார்க்கத் தொடங்கினேன். பத்துக் கல் கடந்திருந்தோம். மீட்டர் பன்னிரண்டு ஓடியிருந்தது. இன்னொரு பத்துக்கும் அதே கணக்கு. நாங்கள் வேறெங்கும் திரும்பவில்லை, நிற்கவுமில்லை.

“என்னங்க, இங்க பாருங்க! மீட்டர்தாங்க அதிகமா ஓடுது!”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நாச்சியார்கோயில் வருகிறவரை ஒவ்வொரு கல்லையும் அவருக்குக் காட்டினேன். அவர் பார்க்கவே இல்லை.

“அதான் அப்பவே சொன்னேனே, கோளாறுன்னு.”

“மாமாகிட்ட சொல்லி சரி பண்ணிடலாங்க. இனிமே ஒரு பய வாயத் தொறக்க முடியாது.”

“வேணாம் விடு.”

“ஏங்க?”

“விடுன்னா விடு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவுக்குப் பயந்து பயந்து இவருக்கு உண்மையைச் சொல்லக்கூட முதுகெலும்பு இல்லாமல் போயிற்று என்று நினைத்தேன். அம்மாவைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் கழித்து வீடு திரும்பியதும், சோறு போடும்போது மாமனாரிடம் நானே சொன்னேன். கற்களை எண்ணியதைச் சொன்னேன்.

மாமனார் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். கோபப்படவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, “வண்டிய எடுடா” என்றார். கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு கணவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். நெரவிப் பக்கம் போய், கல்லுக்குக் கல் மீட்டரையும் கடிகாரத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். இறங்கியதும் அவர் மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ புதுச் சாமான் வாங்கப் போகிறவர்போல உற்சாகமாக இருந்தார்.

“கெட்டிக்காரிதான் நீ. நாளைக்கே பட்டறைக்குப் போவுது.”

பட்டறையில் நடந்ததைக் கணவர் பின்னால் சொல்லித்தான் அறிவேன். வண்டியின் பழைய முதலாளி யாரோ பின்பக்க அச்சைக் கழற்றிவிட்டு வேறொரு லாரியின் அச்சை மாட்டியிருந்தாராம். அதன் பல்சக்கரக் கணக்கு வேறு. கியர் பெட்டியிலிருந்து மீட்டர் கேபிளைச் சுழற்றுகிற சின்னப் பல்சக்கரம் மட்டும் பழையபடி இருந்திருக்கிறது. அதனால் வண்டி ஓடுவதைவிட மீட்டர் அதிகம் ஓடியிருக்கிறது. மெக்கானிக் பல் அதிகமுள்ள சக்கரம் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினார். முள்ளும் சரியாயிற்று, தூரமும் சரியாயிற்று. மாமனார் அதோடு விடவில்லை. கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவது டிரைவர்களின் பழைய தந்திரம் என்று அவருக்குத் தெரியாதா? நட்டில் கம்பி கோத்து ஈயத்தால் முத்திரை போடச் சொல்லிவிட்டார்.

அன்று இரண்டு விதமாக மீன் சமைத்தேன். மாமனார் நன்றாகச் சாப்பிட்டார். கணவருக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை என்று இவருக்கு மனக்கஷ்டம் போலும் என்று எண்ணி, இன்னொரு துண்டு வைத்தேன்.

சில வாரங்கள் மீட்டர் சொன்ன கணக்கும் சாலையின் கணக்கும் ஒன்றாக இருந்தன. நான் தலை நிமிர்ந்து தண்ணீருக்குப் போனேன். கறுப்பா சிவப்பா என்று கேட்டவளிடம் போய், மீட்டர் ரிப்பேர் ஆன கதையை முழுசாகச் சொன்னேன்.

பிறகு ஒரு மதியம் மாமனார் லாரிப் படியில் நின்றபடி என்னைக் கூப்பிட்டார்.

“ஏறி வந்து படி.”

படித்தேன். காலை எண்ணை அவர் சொன்னார். கழித்தேன். ஆறு கிலோமீட்டர் அதிகம்.

“அப்பவாச்சும் கொம்த்தேர் பொய் சொல்லிச்சு. இப்ப யாரு பொய் சொல்றா? நீதான ரிப்பேர் பாக்கச் சொன்ன, நீயே சொல்லு.”

இறங்கும்போது எனக்குக் கால் வழுக்கியது. அவர் கை கொடுக்கவில்லை, நான் விழுவதை நின்று பார்த்தார். அன்று இரவு கணவரிடம் கேட்டேன். ரோடு வெட்டிப் போட்டிருந்தார்கள், சுற்றி வந்தேன் என்றார். நான் நம்பவில்லை. இருபது கிலோமீட்டரை அரைகுறையாக நம்பிய நான் ஆறு கிலோமீட்டரை முழுசாக நம்பினேன்.

அடுத்த வாரம் அதே கிழமையிலும் ஆறு. அதற்கடுத்த வாரத்திலும் ஆறு. மாமனார் கணவரிடம் ஒன்றுமே கேட்கவில்லை. ஆறில் பாதி மூன்று. மெயின் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே என்ன இருக்கிறது என்று யோசித்தால் போதும். வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும்.

அந்தக் கிழமை மறுபடி வந்தபோது காலையிலேயே வாடகைக் கார் ஒன்று வாசலில் வந்து நின்றது. “பொடவ மாத்திக்கிட்டு வா. உம் புருஷன் வச்சிருக்கறவள காட்டுறேன்” என்றார் மாமனார். நான் போனேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்த நிலையில் எந்தப் பெண்ணும் போயிருப்பாள். காரில் அவர் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

“அழுவுறதுன்னா இப்பவே அழுதுடு. அங்க வந்து என் மானத்த வாங்காத.”

திருநள்ளாற்றைத் தாண்டிக் கார் உள்ளே திரும்பியது. வயலுக்கு நடுவே மண் ரோடு. ஒரு மூங்கில் புதருக்குப் பின்னால் காரை நிறுத்தச் சொன்னார். வெயில் ஏறியது. அவர் வெற்றிலை போட்டுக்கொண்டார். கடைசியில் எங்கள் லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து, ஒரு கூரை வீட்டின் முன்னால் நின்றது. கணவர் ஒரு தூக்குப் பாத்திரத்தோடு இறங்கி உள்ளே போனார். மாமனார் அவசரப்படவில்லை. வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, “வா” என்றார்.

வீட்டுக்குப் பக்கத்தில் மாட்டுக்கொட்டகை. அதை ஒட்டிச் சாய்ப்பு இறக்கி ஒரு அறை. கயிற்றுக் கட்டிலில் ஒரு வயதான பெண் உட்கார்ந்திருந்தார். சுள்ளி போலக் கை கால். கணவர் தரையில் குந்தி, தட்டில் மீனை முள் எடுத்து, சோற்றில் வைத்து உருட்டி, அவர் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தார். எங்கள் காலடி கணவருக்குக் கேட்டது. திரும்பி, முதலில் என்னைத்தான் பார்த்தார். கை அப்படியே நின்றது. அந்தப் பெண்ணுக்கு எதுவும் கேட்கவில்லை. அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்தபடி இருந்தார்.

பிறகுதான் அவர் மாமனாரைப் பார்த்தார். கட்டிலிலிருந்து எழுந்து நிற்க முயன்றார். எழும்போதே ஒரு கை தானாக உயர்ந்து காதைப் பொத்திக்கொண்டது.

மாமனார் அவரைப் பார்க்கவே இல்லை. மகனிடம் கையை நீட்டினார்.

“சாவி.”

“அப்பா, அம்மாவுக்குக் காச்சல்... ஒரு மாசமா படுக்கையா கெடக்கு. சுரக்குடி மாமா ஏலத்துல வந்து அழுதாரு. அதான்...”

“சாவியக் குடுறா.”

கொடுத்தார். மாமனார் அதை மடியில் முடிந்துகொண்டு என் தலையில் கையை வைத்தார். ஆசீர்வாதம் பண்ணுவதுபோல வைத்தார்.

“இவ மட்டும் கல்ல எண்ணலேன்னா எனக்கு இது ஜென்மத்துக்கும் தெரிஞ்சிருக்காதுடா. கொம்த்தேரோட பொய்க் கணக்குலயே இந்த ஆறு கிலோமீட்டரையும் ஒளிச்சு வச்சிருந்துருப்ப. உம் பொண்டாட்டிய நல்லா வச்சுக்க. மகராசி!”

வாடகைக் காரைத் திருப்பி அனுப்பிவிட்டு, அவரே லாரியில் ஏறி ஓட்டிக்கொண்டு போனார். தூக்குப் பாத்திரத்து மூடி ஒன்று வாசலில் உருண்டு கிடந்தது, அதன்மேல் ஏற்றிக்கொண்டு போனார். நாங்கள் மூவரும் அந்தச் சாய்ப்பில் நின்றோம். மாமியார் என் முகவாயைத் தொட்டார். காது கேளாதவர்கள் பேசுவதுபோலச் சத்தமாக மகனிடம் கேட்டார்.

“இவதான் என் மருமவளா தம்பி? கூட்டியாந்துட்டியா? நல்லாருக்கா!”

அன்று சாயங்காலம் நாங்கள் நடந்தும் பஸ்ஸிலுமாகக் காரைக்கால் போய்ச் சேர்ந்தபோது, எங்கள் துணிமணி தெருவில் கிடந்தது. என் கல்யாணப் புடவை சாக்கடை ஓரத்தில் கிடந்தது. அக்கம்பக்கத்தார் வாசலில் நின்று பார்த்தார்கள். கறுப்பா சிவப்பா என்று கேட்டவளும் நின்றாள். ஒருவரும் ஒரு பொருளையும் எடுத்து வைக்கவில்லை. கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

நெரவியில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோனோம். கணவர் அரிசி மில்லில் டிராக்டர் ஓட்டப் போனார். மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தோம். ஒருநாள் பொறுக்கமுடியாமல் இவரிடம் கேட்டுவிட்டேன்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமுல்ல? ஊரே காறித் துப்புச்சே. நானும் சந்தேகப்பட்டேனே.”

“சொன்னா அவரு ஒரு நாளு கேப்பாரு. ஒனக்கு மறைக்கத் தெரியாது. ஒம் மூஞ்சி அப்படி.”

“அதுக்கு? வேற ஒருத்தி இருக்கான்னு நான் நெனச்சுக்கிட்டு கெடக்கலாமா?”

“அப்படி நெனச்சா நீ அழுவ. அம்மாவ நெனச்சா அவரு அடிப்பாரு. எது தேவலன்னு பாத்தேன்.”

பார்த்துத்தான் செய்திருக்கிறார். என் அழுகையை எடை போட்டு, பரவாயில்லை என்று தள்ளி வைத்திருக்கிறார். கற்களை எண்ணியது என் தப்பு என்று நான் நினைத்ததில்லை. அவர் நினைத்தாரா என்று தெரியாது. வெகுநாள் வரை நான் பரிமாறினால் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார்.

மாமியாருக்கு இது எதுவும் தெரியாது. யார் வந்தாலும் பெருமையாக, தெருமுனை வரை கேட்கும்படி சொல்லுவார். “எம் மவன் எனக்காவ அப்பனையே வுட்டுட்டு வந்துட்டான். மருமவதான் என்னத் தேடிக் கண்டுபுடிச்சா.” நாங்கள் இருவரும் தலையை ஆட்டுவோம். எப்படி நடந்தது என்று கை ஜாடையில் சொல்லிவிடக்கூடிய விஷயமா அது? சொல்ல முடிந்திருந்தாலும் நான் சொல்லியிருக்கமாட்டேன்.

ஒரு வருஷம்கூட அவர் எங்களோடு இருக்கவில்லை. ஐப்பசி மழையில் சளி கட்டி, மூன்றாம் நாள் போய்விட்டார். கணவர் அப்பாவுக்கு ஆள் அனுப்பினார். போன ஆள் மாமனாரின் சொந்தக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தச் சொந்தக்காரர் உள்ளே வரவில்லை. வாசலில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அவரு வரலீங்க. ஒரு சேதி சொல்லச் சொன்னாரு. தப்பா எடுத்துக்காதீங்க.”

“சொல்லுங்க” என்றார் கணவர்.

“பொட்டு, பூவு, மஞ்சா எதுவும் வைக்கப்படாதாம். அவரு பேரச் சொல்லி அந்தம்மா சுமங்கலியா போவக் கூடாதுன்னாரு. வச்சா அவரே வந்து அழிப்பேன்னாரு.”

மாமியாருக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் கையை எடுத்துவிட்டார்கள். கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவர் பதில் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். நான் போய் மஞ்சளை அரைத்து எடுத்து வந்து மாமியார் முகத்திலும் காலிலும் பூசினேன். காதிலும் பூசினேன். குங்குமத்தைக் குழைத்து நெற்றியில் வைத்தேன். முதலில் வைத்தது சின்னதாகப் பட்டது. விரலைத் திருப்பித் தோய்த்து, காலணா அகலத்துக்குப் பெரிதாக்கினேன். கொண்டை வைக்க முடியாத அந்தக் கொஞ்சம் முடியில், நிற்காத பூவை நூலால் கட்டிச் செருகினேன்.

வாசலில் நின்றவர் எட்டிப் பார்த்துவிட்டுக் குடையை மடக்கினார், மறுபடி விரித்தார்.

“நான் என்னன்னு போயி சொல்லட்டும்?”

“பெரிசா வச்சிருக்குன்னு சொல்லுங்க” என்றேன்.

அவர் மழையில் இறங்கிப் போனார். எடுக்கிறவரை நாங்கள் தெருவைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். யாரும் வரவில்லை. மாமனார் அதற்குப் பின்னும் பல வருஷம் திடமாக இருந்தார். பென்ஷன் வாங்கப் போகும்போது இரண்டொரு தடவை எதிரில் பார்த்திருக்கிறேன். சலவைச் சட்டை, மழித்த முகம். என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நானும் ஒதுங்கி வழி விட்டதில்லை.